இதயம் தளர்ந்தவரின் உடலும் நலிவதேன்?

இதயச் செயலிழப்புக்கு நெடுநாள் சிகிச்சை பெறுவோரின் குடும்பத்தினர் மருத்துவரிடம் அடிக்கடி கூறும் செய்தி ஒன்று உண்டு. "மூச்சு வாங்குறது குறைஞ்சிருச்சு டாக்டர், கால் வீக்கமும் வடிஞ்சிருச்சு. ஆனா ஆளு முன்ன மாதிரி எந்திரிச்சு நடமாடவே மாட்டேங்கிறாரு." எக்கோ பரிசோதனையில் பெரிய மாற்றம் இராது. மாத்திரைகளும் தவறியிருக்கமாட்டா. ஆயினும் சில மாதங்களுக்கு முன் வாசல்வரை வந்து வழியனுப்பியவர் இப்போது கட்டிலைவிட்டு இறங்கவே பிறர் கையை எதிர்பார்ப்பார். "வயதாகிவிட்டது, இனி இப்படித்தான்" என்று வீட்டார் மனத்தைத் தேற்றிக்கொள்வர்.

மருத்துவத்தில் இந்நிலைக்குத் தனிப்பெயர் உண்டு. 'ஃப்ரெயில்டி' எனப்படும் இதனைத் தமிழில் உடல் நலிவு எனலாம். இதயச் செயலிழப்பு முற்றிய நிலையில் உள்ளோர் பலரை இது பற்றுகிறது. இதனை வீட்டிலேயே கண்டறிய இயலும். உரிய காலத்தில் கண்டறிந்தால் ஓரளவு மீட்கவும் இயலும். அன்பின் மிகுதியால் வீட்டார் செய்யும் சில செயல்களே நலிவை வளர்க்கின்றன என்பதால், நோயாளியைப் போலவே குடும்பத்தினரும் இதனை அறிந்திருத்தல் வேண்டும்.

இரண்டும் வேறு வேறு

உடலுக்குத் தேவையான அளவு குருதியை இதயம் செலுத்த இயலாமல் போவதே இதயச் செயலிழப்பு. மாரடைப்பால் தசை பழுதடைதல், நெடுநாள் உயர் இரத்த அழுத்தம், வால்வுக் கோளாறு எனக் காரணங்கள் பல. மருந்துகளை முறையாக உட்கொண்டும் சிறு வேலைக்கே மூச்சிரைப்பதும், மீண்டும் மீண்டும் மருத்துவமனையில் சேர நேர்வதும் நோய் முற்றியதைக் காட்டும்.

உடல் நலிவு என்பது உடலின் சேமிப்பு தீர்ந்துபோன நிலை. நலமாக இருப்பவருக்குக் காய்ச்சல் வந்தால் நான்கு நாள் படுத்து ஐந்தாம் நாள் எழுந்துவிடுவார். நலிந்தவருக்கோ அதே காய்ச்சல் ஒரு மாத நடமாட்டத்தைப் பறித்துவிடும்; சிலர் பழைய நிலைக்குத் திரும்புவதே இல்லை. சிறு அதிர்ச்சியையும் தாங்கும் கையிருப்பு அவருடைய தசையிலும் எலும்பிலும் நரம்பிலும் இல்லை.

அமெரிக்க மருத்துவர் லிண்டா ஃப்ரீடும் அவருடைய குழுவினரும் 2001இல் இதற்கு ஐந்து அடையாளங்களை வகுத்தனர்:

1. முயலாமலே உடல் எடை குறைதல், ஓராண்டில் 4.5 கிலோ அல்லது அதற்கு மேல்.
2. எதைச் செய்தாலும் பெருஞ்சோர்வு.
3. கைப்பிடி வலிமை குறைதல்.
4. நடையின் வேகம் குறைதல்.
5. அன்றாட இயக்கம் சுருங்குதல்.

இவற்றுள் மூன்றோ அதற்கு மேலோ இருந்தால் நலிவு. ஒன்றோ இரண்டோ இருந்தால் நலிவுக்கு முந்தைய நிலை. மீட்பதற்கு மிக ஏற்ற காலம் அந்த முந்தைய நிலையே.

வயதின் கணக்கு மட்டுமன்று

இதயச் செயலிழப்பு உள்ளோரில் எத்தனை பேர் நலிவடைகின்றனர் என்பதை 26 ஆய்வுகளின் வழியே தொகுத்துப் பார்த்த கட்டுரை ஒன்று 2017இல் வெளிவந்தது. ஏறத்தாழ 6,900 நோயாளரில் 44.5 விழுக்காட்டினர் நலிந்திருந்தனர். நலிவுக்கும் வயதுக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு அத்தொகுப்பில் காணப்படவில்லை. ஆகவே முதுமை மட்டுமே காரணம் என்று ஒதுக்கிவிடுவது தவறு.

நம் நாட்டவருக்கு இச்செய்தி இன்னும் முக்கியமானது. 2013இல் திருவனந்தபுரத்தில் தொடங்கப்பட்ட இதயச் செயலிழப்புப் பதிவேட்டில் 1,205 நோயாளர் இடம்பெற்றனர். அவர்களின் சராசரி வயது 61. பின்னர் நாடெங்கும் 53 மருத்துவமனைகளில் 10,000க்கும் மேற்பட்டோரைச் சேர்த்த தேசியப் பதிவேட்டிலும் சராசரி வயது ஏறத்தாழ 60தான். மேலைநாட்டு நோயாளரைவிட நம்மவர் ஏறக்குறைய பத்து ஆண்டு இளையவர். இலவங்காய் பறிக்கவும் முந்திரித் தோப்புக்குச் செல்லவும் குடும்பம் நம்பியிருக்கும் வயதிலேயே நம் ஊர்களில் இந்நோய் வந்துவிடுகிறது. ஐம்பத்தைந்து வயதில் வரும் நலிவை முதுமை என்று பெயரிட்டுக் கைவிடுவது பேரிழப்பு.

தசை எவ்வாறு கரைகிறது?

இதயம் தளரும்போது கை கால் தசைகளுக்குக் குருதியோட்டம் குறைகிறது. குடலின் சுவரில் நீர் தேங்குவதால் பசி மந்தமாகி, உண்ட உணவின் சத்தும் முழுமையாகச் சேர்வதில்லை. உடலெங்கும் மெல்லிய அழற்சி நிலவி, தசையை உருவாக்கும் வேலையைத் தடுத்து அழிக்கும் வேலையை முடுக்குகிறது. இரும்புச்சத்துக் குறைவும் பலருக்குச் சேர்ந்துகொள்கிறது. மனச்சோர்வு வந்தால் உண்ணவும் எழவும் விருப்பமே இராது.

இவை நோயின் வேலைகள். இவற்றோடு நாம் சேர்க்கும் ஒன்றுதான் முழு ஓய்வு. 2007இல் வெளியான ஆய்வு ஒன்றில், நோயேதும் இல்லாத, சராசரி 67 வயதுள்ள 12 பேரைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்கச் செய்தனர். பத்தே நாளில் அவர்களின் கால்களில் ஏறத்தாழ ஒரு கிலோ தசை கரைந்தது. முழங்காலை நீட்டும் வலிமை ஏறத்தாழ 16 விழுக்காடு குறைந்தது. நலமானவர்க்கே இவ்வாறெனில், இதயம் தளர்ந்தவர் மாதக்கணக்கில் கட்டிலில் கிடந்தால் என்னாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

"ஐயா, நீங்க எந்திரிக்காதீங்க, நாங்க பாத்துக்கிறோம்" என்று மகன் சொல்வதும், தண்ணீர்ச் செம்பைக்கூட மருமகள் கட்டிலுக்கே கொண்டுவந்து தருவதும் அன்பின் வெளிப்பாடுகளே. ஆனால் ஒவ்வொரு முறை எழாமல் இருக்கும்போதும், மறுமுறை எழுவதற்கான வலிமை சிறிது குறைகிறது.

எடைக்கருவி மறைக்கும் உண்மை

இதய நோயாளர் நாள்தோறும் எடை பார்க்க வேண்டும் என்று அறிவுறுத்துகிறோம். உடலில் நீர் தேங்குவதை அது முன்கூட்டியே காட்டும். நலிவைப் பொறுத்தவரை அதே கருவி நம்மை ஏமாற்றவும் கூடும். மூன்று கிலோ தசை கரைந்து மூன்று கிலோ நீர் சேர்ந்திருந்தால் முள் அசையாது. கால் வீங்கியிருப்பதால் மெலிந்த கெண்டைக்காலும் பருத்ததுபோலத் தோன்றும்.

எனவே வீக்கம் மறைக்காத இடங்களைப் பாருங்கள். நெற்றிப்பொட்டு குழிந்துள்ளதா? கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையிலுள்ள சதை வற்றியுள்ளதா? மேற்கையும் தொடையும் மெலிந்துள்ளனவா? பழைய வளையல் முழங்கைவரை ஏறுகிறதா? நீர் மாத்திரையால் வீக்கம் வடிந்தபின் பார்க்கும் எடையே உண்மையான எடை. அதனைத் தேதியோடு குறித்துவைத்து, மும்மாதத்துக்கு ஒருமுறை ஒப்பிடுங்கள்.

வீட்டிலேயே கண்டறியலாம்

நடைச் சோதனை: சமதரையில் 4 மீட்டர் அளந்து இரு முனையிலும் கோடிடுங்கள். நோயாளர் தம் இயல்பான வேகத்தில் நடக்கட்டும். கைத்தடி பழக்கமிருந்தால் தடியோடே நடக்கட்டும். கைப்பேசியில் நேரம் பாருங்கள். 5 வினாடிக்கு மேல் ஆனால் நடை தளர்ந்துள்ளது எனக் கொள்ளலாம்.

நாற்காலிச் சோதனை: சுவரோடு சேர்த்துப் போட்ட, கை இல்லாத நாற்காலியில் அமர்ந்து, கைகளை மார்பின்மேல் குறுக்காகக் கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து அமரச் செய்யுங்கள். அருகில் ஒருவர் துணை நிற்க வேண்டும். 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் கால் தசை வலிமை குறைந்துள்ளது எனலாம். கையூன்றாமல் எழவே இயலாவிட்டால் அதுவும் தெளிவான விடையே.

கைப்பிடி வலிமையை மருத்துவமனையில் சிறு கருவியால் அளப்போம். ஆசிய நாட்டவர்க்கு வகுக்கப்பட்ட அளவின்படி ஆண்களுக்கு 28 கிலோவுக்கும் பெண்களுக்கு 18 கிலோவுக்கும் குறைந்தால் வலிமை குன்றியதாகக் கொள்கிறோம்.

அளவுகோல் ஏதுமின்றியும் அறியலாம். முன்பு தேநீர்க் கடைவரை சென்றவர் தெருமுனையோடு திரும்புகிறாரா? குடத்தைத் தூக்கிய அப்பத்தா இப்போது செம்பைத் தூக்கவே இரு கையையும் பயன்படுத்துகிறாரா? ஆறு மாதத்தில் ஒருமுறையேனும் கீழே விழுந்தாரா? இவற்றை அடுத்த முறை வரும்போது மருத்துவரிடம் சொல்லுங்கள். மூச்சிரைப்பையும் வீக்கத்தையும் நாங்களே கேட்போம். இவற்றை நீங்கள் சொன்னால்தான் தெரியும்.

எழுந்து நடப்பது ஆபத்தா?

பெரும்பாலோரின் அச்சம் இதுவே. அமெரிக்காவில் இதயச் செயலிழப்பால் மருத்துவமனையில் சேர்ந்த, 60 வயதும் அதற்கு மேலும் உள்ள 349 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2021இல் வெளியானது. அவர்களுள் மிகப்பெரும்பாலோர் நலிந்தவர்கள் அல்லது நலிவை நெருங்கியவர்கள். ஒரு பிரிவினருக்கு மருத்துவமனையிலேயே தொடங்கி, வீடு திரும்பியபின் 12 வாரம்வரை, வலிமை, உடற்சமநிலை, நடமாட்டம், தாங்குதிறன் ஆகிய நான்குக்கும் பயிற்சி அளித்தனர். மூன்று மாத முடிவில் அவர்களின் உடற்செயல் மதிப்பெண் 12க்கு 8.3, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கு 6.9. மீண்டும் மருத்துவமனையில் சேர்வதை அப்பயிற்சி குறிப்பிடத்தக்க அளவில் குறைக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆயினும் தானே எழுந்து கழிப்பறைக்குச் செல்வதும் தன் தட்டைத் தானே எடுப்பதும் ஒருவருக்கு எவ்வளவு பெரிய விடுதலை என்பதை வீட்டார் அறிவர்.

நோய் நிலைப்பட்டிருக்கும்போது, மருத்துவரையோ இயன்முறை மருத்துவரையோ கலந்தபின் இவற்றைத் தொடங்கலாம்:

• நாற்காலியிலிருந்து எழுந்து அமர்தல். ஒரு வேளைக்கு 3 முறையில் தொடங்கி, வாரந்தோறும் ஒன்றிரண்டு கூட்டலாம். தாழ்ந்த கயிற்றுக் கட்டிலைவிட உயரமான நாற்காலியே தொடக்கத்துக்கு ஏற்றது.
• சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குதல்.
• சுவரருகே நின்று, ஓர் அடிக்கு முன் மறு அடி வைத்துச் சில வினாடிகள் நிற்றல். இது விழாமல் காக்கும்.
• ஒரே மூச்சில் நெடுந்தொலைவு நடக்காமல், ஐந்து ஐந்து நிமிடமாக நாளில் மூன்று முறை நடத்தல். மேட்டுப் பாதையைத் தவிர்த்துச் சமதரையில் நடக்கவும்.

நடக்கும்போது பேச முடிய வேண்டும்; பேச்சு திணறினால் வேகத்தைக் குறைக்கவும். மார்புவலி, தலைசுற்றல், படபடப்பு தோன்றினால் நிறுத்திவிடவும். வீக்கமோ மூச்சிரைப்போ கூடிவரும் நாள்களில் பயிற்சி வேண்டாம், மருத்துவரைப் பார்க்கவும்.

கஞ்சி போதுமா?

உடல்நலம் குன்றியவருக்குக் கஞ்சியும் ஊறுகாயும் கொடுப்பது நம் வழக்கம். நலிந்த இதய நோயாளருக்கு இது மூவகையில் பொருந்தாது. அரிசிக் கஞ்சியில் தசையை வளர்க்கும் புரதம் மிகக் குறைவு. ஊறுகாயில் உப்பு மிகுதி. நீர் அளவு வரையறுக்கப்பட்டவருக்குக் கஞ்சியும் ரசமும் மோரும் அந்தக் கணக்கிலேயே சேர்வதால், வயிறு நிறையும், சத்து சேராது.

சிறுநீரகம் ஓரளவு நன்றாக இயங்குவோருக்கு, நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.1 கிராம் புரதமேனும் தேவை. 50 கிலோ எடையுள்ளவருக்கு அது 55 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், 200 மில்லி பாலில் ஏறத்தாழ 6 கிராம், 50 கிராம் கொண்டைக்கடலையில் ஏறத்தாழ 10 கிராம், 100 கிராம் சமைத்த மீனிலோ கோழியிலோ 20 கிராமுக்கு மேல் உண்டு. பாசிப்பயறு, உளுந்து, மொச்சை, தட்டைப்பயறு ஆகியவற்றைக் குழையச் சமைத்துச் சிறிது சிறிதாக ஐந்து வேளை தரலாம். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவை மருத்துவரிடம் கேட்டறியவும்.

உப்பைக் குறைக்க வேண்டும். கருவாடு, அப்பளம், ஊறுகாய், பொட்டல நொறுக்குத் தீனி ஆகியவற்றை விலக்கினாலே பெருமளவு குறைந்துவிடும். சுவையின்றி ஒருவர் உணவையே வெறுக்கும் அளவுக்கு உப்பை அறவே நீக்குவது நலிவைக் கூட்டும். எலுமிச்சை, கொத்தமல்லி, சீரகம், மிளகு கொண்டு சுவை சேர்க்கலாம். ஸ்பைரனோலாக்டோன் போன்ற மாத்திரை உட்கொள்வோர் இளநீரையும், சோடியம் குறைந்தது என்று விற்கப்படும் உப்பையும் மருத்துவரைக் கேளாமல் பயன்படுத்தலாகாது. இரண்டும் குருதியில் பொட்டாசியத்தை உயர்த்தக் கூடியவை. தென்னந்தோப்பு உள்ள வீடுகளில் இதனை மறக்க வேண்டாம்.

மருந்துகளில் கவனம்

நலிந்துவிட்டார் என்பதற்காக இதய மருந்துகளை நீங்களாக நிறுத்தாதீர்கள். டாபாக்ளிஃப்ளோசின் பற்றிய பெரிய ஆய்வொன்றின் தரவுகளை 2022இல் மீண்டும் பகுத்துப் பார்த்தபோது, நலிவு மிகுந்தோருக்கும் அம்மருந்தின் பயன் குறையவில்லை எனத் தெரிந்தது. எழுந்து நிற்கும்போது தலைசுற்றினால் அளவை மாற்றியமைக்க வேண்டியிருக்கலாம். அதனை மருத்துவர் முடிவு செய்வார். படுக்கையிலிருந்து எழும்போது சிறிது அமர்ந்து, பின் நிற்கப் பழகவும். மருத்துவர் வேறு நேரம் குறித்திராவிட்டால் நீர் மாத்திரையைக் காலையில் உட்கொண்டால், இரவில் இருளில் எழுந்து விழுவது குறையும்.

மூட்டுவலிக்கும் உடல்வலிக்கும் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகளையும் வலி ஊசியையும் தவிர்க்கவும். அவை உடலில் உப்பையும் நீரையும் தேக்கி, இதயத்தையும் சிறுநீரகத்தையும் ஒருங்கே வருத்தும். இரும்புச்சத்துப் பரிசோதனை, மனச்சோர்வு, தடுப்பூசிகள் ஆகியவற்றைப் பற்றியும் மருத்துவரிடம் கேளுங்கள்.

பேசத் தயங்கும் பேச்சு

எல்லா நலிவும் மீள்வதில்லை. இதயத்தின் தளர்ச்சியே நலிவுக்கு முதற்காரணமாயின், உரிய சிகிச்சையால் உடல் தேறக்கூடும். வேறு நோய்களும் சேர்ந்து நெடுநாள் வேரூன்றிய நலிவெனில், பெரிய அறுவைச் சிகிச்சையும் கருவிகளும் நன்மையைவிடத் துன்பத்தையே மிகுதியாகத் தரவும் கூடும். ஆகவே எந்தப் பெரிய முடிவுக்கு முன்னும் நலிவை அளந்து பார்ப்பது இன்று உலகெங்கும் வழக்கமாகி வருகிறது.

நோயாளர் தெளிவாகப் பேசக்கூடிய நாளிலேயே அவரைக் கேளுங்கள். எது அவருக்கு முக்கியம்? பேத்தியின் திருமணத்தில் பந்தலில் அமர்வதா, வலியும் திணறலும் இன்றி வீட்டில் இருப்பதா, எவ்வளவு சிரமமாயினும் எல்லாச் சிகிச்சையும் பெறுவதா? வலி நிவாரண ஆதரவுச் சிகிச்சை என்பது கைவிடுதல் ஆகாது. இதய மருந்துகளோடு சேர்ந்தே மூச்சுத் திணறலையும் வலியையும் அச்சத்தையும் தணிக்கும் சிகிச்சை அது. இறுதி வாரத்துக்கெனக் காத்திராமல் முன்னரே தொடங்கினால் பயன் மிகும்.

வருசநாட்டிலிருந்து வருவோருக்கு

மூல வைகையை ஒட்டிய சிற்றூர்களிலிருந்தும் மலையடிவாரத்திலிருந்தும் கடமலைக்குண்டு வழியாகத் தேனிக்கு வந்து திரும்புவது நலிந்தவருக்கு ஒரு நாள் வேலை. சில வீடுகளில் நோயாளரை விட்டுவிட்டு மகனோ மகளோ மாத்திரை மட்டும் வாங்கிச் செல்வதும் இதனால்தான். அவ்வாறு வரும்போது மூன்றைக் கொண்டுவாருங்கள்: நாள்தோறும் குறித்த எடை, 4 மீட்டர் நடைக்கான நேரம், வீட்டில் உள்ள எல்லா மாத்திரை அட்டைகளும். ஆயினும் நேரில் பார்த்தே தீரவேண்டிய காலமும் உண்டு. அதனைத் தள்ளிப்போட வேண்டாம்.

2021 ஆகஸ்ட் 5 அன்று தமிழ்நாடு அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரை நோய்க்கும் உரிய மாத்திரைகளோடு, இயன்முறைச் சிகிச்சையும் வலி நிவாரண ஆதரவுச் சிகிச்சையும் வீட்டுக்கே வந்து வழங்க வழி செய்யப்பட்டுள்ளது. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நோயாளரின் பெயரைப் பதிவு செய்து, இயன்முறை மருத்துவர் வருகை தேவை என்று தெளிவாகக் கேளுங்கள்.

பராமரிப்பவரும் மனிதரே. பெரும்பாலும் ஒரே பெண்ணின் தோளில் எல்லாச் சுமையும் விழுகிறது. வாரத்தில் ஒரு நாளேனும் மற்றவர் அப்பொறுப்பை ஏற்றால் அவரும் நலிவடையாமல் இருப்பார்.

உடனே வர வேண்டிய அறிகுறிகள்

• மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் எடை கூடுதல்.
• படுத்தால் மூச்சுத் திணறி எழுந்து அமர நேர்தல்.
• மயக்கம், மார்புவலி, திடீர்க் குழப்பம்.
• கீழே விழுதல், காயம் இல்லாவிட்டாலும்.
• இரண்டு நாளாக உணவே கொள்ளாமை, அல்லது நேற்றுவரை நடந்தவர் இன்று எழ இயலாமை.

கடுமையான மூச்சுத் திணறல், மார்புவலி, மயக்கம் எனில் பேருந்துக்குக் காத்திராமல் 108ஐ அழைக்கவும்.

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் ஒவ்வொருவரும் மருந்துச் சீட்டைப் பெற்றுக்கொள்வதோடு மூன்று கேள்விகளையும் கேட்டுச் செல்லுங்கள்: இவர் நாளொன்றுக்கு எவ்வளவு நடக்கலாம்? எவ்வளவு புரதம் உண்ணலாம்? எத்தனை முறை எழுந்து அமரலாம்? விடைகளைச் சீட்டின் பின்புறம் எழுதித் தரச் சொல்லுங்கள். மறுநாள் காலை, அவருடைய தண்ணீர்ச் செம்பைக் கட்டிலருகே வைக்காமல், துணைக்கு ஒருவர் நிற்க, நாலடி தள்ளி வையுங்கள்.